தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் சாதனையை ஊரோடு சேர்ந்து கொண்டாடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல பள்ளிகளில் பரிசளிப்பு விழா ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண், ஓட்டப் பந்தயம், பேச்சுப் போட்டி. பெயர் கூப்பிடக் கூப்பிட ஏழெட்டுப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப மேடை ஏறுகிறார்கள். மீதிப் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். முதல் வகுப்பில் சேர்ந்து கடைசி வகுப்பு முடித்துப் போகிறவரை ஒரு தடவைகூடத் தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டார் முதல் ஆண்டு விழாவுக்கு வருவார்கள். மூன்றாம் ஆண்டு வரமாட்டார்கள். அப்புறம் ஆசிரியர் அறையில் "பெற்றோர் ஒத்துழைப்பே இல்லை" என்று பேச்சு வரும்.

பிள்ளையைப் பாராட்டுவதையும் ஊரைப் பள்ளிக்குள் கொண்டுவருவதையும் தனித்தனி வேலையாகப் பார்ப்பதால்தான் இரண்டும் பாதியில் நிற்கின்றன என்பது என் கருத்து. தன் பிள்ளையை இந்தப் பள்ளி உண்மையிலேயே கவனித்துப் பார்க்கிறது என்று தெரிந்தால் வீட்டார் வருவார்கள். வந்தவர்களுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தால் திரும்பவும் வருவார்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான். பெரிய பள்ளி, சிறிய பள்ளி, இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளி, எதற்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன்.

படி 1: எதைக் கொண்டாடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

போன ஆண்டின் பரிசுப் பட்டியலை எடுத்து மேசையில் வையுங்கள். ஆசிரியர்கள் எல்லோரும் சுற்றி உட்காரட்டும். மொத்தப் பரிசுகள் எத்தனை பிள்ளைகளுக்குப் போயிருக்கின்றன? ஆண், பெண் கணக்கு என்ன? பள்ளியின் மொழியை வீட்டில் பேசாத பிள்ளைகளில் எத்தனை பேர்? கற்றலில் சிரமம் உள்ளவர்களில் எத்தனை பேர்? அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்தத் தாள் சொல்லும் செய்தியை எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

அடுத்து, பட்டியலை விரிவாக்குங்கள். மதிப்பெண்ணும் விளையாட்டும் இருக்கட்டும், அவற்றைத் தூக்கிப்போட வேண்டாம். அவற்றோடு, தொடங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் வந்த பிள்ளைக்கு இடம் வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் இப்போது ஒரு பக்கக் கதையைத் தானே படிக்கிறாள் என்றால், முதலிலிருந்தே சரளமாகப் படித்த பிள்ளையைவிட அவள் அதிகம் நடந்திருக்கிறாள். கையால் ஏதாவது செய்து முடித்தவன், வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொண்டவள், வகுப்பே யோசிக்கும்படி ஒரு கேள்வி கேட்டவன், மூன்று முறை தவறாக வந்த கணக்கை நான்காம் முறையும் உட்கார்ந்து போட்டவள், இவர்களுக்கும் இடம் வேண்டும்.

வருகைக்குப் பரிசு தருவதை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளை பள்ளிக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் அதன் கையில் இல்லை. காய்ச்சல், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, கொண்டுவந்து விடுகிறவரின் வேலை நேரம், இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தண்டிப்பது மாதிரி ஆகிவிடும். அதுவுமில்லாமல், 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கலிஃபோர்னியாவில் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் இருந்தார்கள். முன்பு ஏதோ ஒரு மாதத்தில் ஒரு நாளும் தவறாமல் வந்ததற்காக எதிர்பாராமல் விருது பெற்றவர்கள், அடுத்த மாதம் விருது பெறாதவர்களைவிடக் கூடுதலாக விடுப்பு எடுத்தார்கள். "எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டாய்" என்ற செய்தியை விருது தானாகவே சொல்லிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அவர்கள் ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள், நம் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள். ஆனாலும் விருது நாம் நினைக்காத செய்தியையும் சொல்லும் என்பதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

படி 2: கவனிப்பு நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்கு ஒரு பக்கம், மேலே பெயர். வாரத்துக்கு ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அந்த வாரம் அவர்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பார்த்ததைத் தேதியோடு இரண்டு வரி எழுதினால் போதும். 35 பேர் உள்ள வகுப்பில் ஏழு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். "நல்ல பையன்", "சுறுசுறுப்பு" என்று எழுதக் கூடாது. என்ன நடந்தது என்று எழுத வேண்டும். "கழித்தலில் கடன் வாங்குவது புரியாத பக்கத்துப் பையனுக்குக் குச்சிகளை வைத்துக் காட்டினான்." இப்படி.

சுற்று முடியும்போது சில பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அவைதான் நோட்டின் முக்கியமான பக்கங்கள். அந்தப் பிள்ளைகள் எதுவும் செய்யவில்லை என்று பொருளில்லை. சத்தம் போடாத, தொந்தரவும் தராத, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற பிள்ளைகளாக இருப்பார்கள். கண் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. அடுத்த சுற்றை அவர்களிலிருந்து தொடங்குங்கள்.

ஆசிரியர் கண் மட்டும் போதாது. சாப்பாடு பரிமாறுகிறவர், வளாகத்தைச் சுத்தம் செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர், இவர்கள் எல்லாம் ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள். மாதம் ஒருமுறை போய், "இந்த மாதம் எந்தப் பிள்ளை செய்தது உங்கள் மனசில் நிற்கிறது?" என்று கேளுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண், வண்டியில் சின்னப் பிள்ளைகளுக்கு நாள் தவறாமல் கதை சொல்லிக்கொண்டு போகிறாள் என்று வண்டி ஓட்டுகிறவர்தான் சொல்வார்.

வீட்டாரிடமும் கேட்கலாம். பருவத்துக்கு ஒருமுறை சின்னத் துண்டுச் சீட்டு போதும்: "அண்மையில் உங்கள் பிள்ளை தானாகச் செய்த, நீங்கள் மகிழ்ந்த ஒன்று." எழுதத் தெரியாதவர்கள் இருப்பார்கள். அழைத்துப் போக வரும்போது வாய்மொழியாகக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதலாம். ஆனால் திறந்த தேர்தலாக விட்டால் பிரபலமான நாலு பேருக்கே எல்லாச் சீட்டும் போகும். குலுக்கிப் போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் கொடுத்து, "இந்த வாரம் இவரைக் கவனி" என்று சொல்லுங்கள்.

படி 3: பாராட்டு வாசகம்

நோட்டில் உள்ளதை மேடையில் படிக்கிற வாசகமாக மாற்றுவதுதான் அடுத்த வேலை. இதில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகள் ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி பேசப்படுபவை. முதல் சுற்றுப் புதிர்களை முடித்ததும் ஒரு பிரிவினரிடம் "நீ புத்திசாலி" என்றும், மற்றொரு பிரிவினரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்துச் சறுக்க வைத்தார்கள். அதற்கு அடுத்த சுற்றில் புத்திசாலி என்று கேட்டவர்கள் முன்பைவிட மோசமாகவும், உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்பைவிட நன்றாகவும் செய்தார்கள். பின்னால் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் இவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் ஒரு சொல் பிள்ளையின் எதிர்காலத்தையே மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நடைமுறையில் பார்த்தாலே போதும்: "புத்திசாலி" என்று கேட்ட பிள்ளைக்கு நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாது. "விடை வராதபோது படம் வரைந்து பார்த்தாய்" என்று கேட்ட பிள்ளைக்குத் தெரியும்.

மிகைப் பாராட்டும் வேண்டாம். எடி பிரமல்மன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் வான் கோவின் ஓர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு "அழகான படம்" என்றும் சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகான படம்" என்றும் குறிப்பு வந்தது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிற பிள்ளைகள், அந்தப் பெரிய பாராட்டுக்குப் பிறகு, அடுத்து வரையக் கடினமான படத்தை எடுக்கத் தயங்கினார்கள். தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைக்குத்தான் நாம் பெரிதாகச் சொல்லத் துடிப்போம். அதே பிள்ளைக்குத்தான் அது சுமையாகிறது.

சரி, எப்படி எழுதுவது? மூன்று செய்தி இருந்தால் போதும்: பிள்ளை என்ன செய்தது, எப்படிச் செய்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது. "சிறந்த வாசகர் விருது" என்று எழுதுவதற்குப் பதிலாக, "ஜூன் மாதத்தில் பலகைப் பெயர்களை மட்டும் படித்தாள். தினமும் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் நூலக மூலையில் உட்கார்ந்தாள். இப்போது முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறாள்" என்று எழுதலாம். "உதவும் மனம்" என்பதற்குப் பதிலாக, "கால் கட்டுப் போட்டிருந்த நண்பனின் பையை மூன்று வாரம் மாடிக்குத் தூக்கிச் சென்றான், யாரும் சொல்லாமல்" என்று எழுதலாம்.

வாசகத்தில் ஒப்பீடு கூடாது. "மற்றவர்களைவிட", "வகுப்பிலேயே" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். வீட்டுச் சூழ்நிலையையும் மேடையில் சொல்லாதீர்கள். "அப்பா இல்லாத நிலையிலும்", "வறுமையிலும்" என்று நல்ல மனத்தோடுதான் எழுதுவார்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊர் முன்னால் அது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதிய பிறகு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "இதைப் படிக்கலாமா?" என்று கேளுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

படி 4: என்ன கொடுப்பது

1973-இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று ஒரு பிரிவினரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, சொல்லிவைத்துச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

அதனால் "பத்துப் புத்தகம் படித்தால் ஒரு பொம்மை" மாதிரியான பேரங்கள் வேண்டாம். ஏற்கெனவே பிடித்துச் செய்கிற காரியத்துக்கு முன்கூட்டியே பரிசு அறிவிப்பதுதான் சிக்கல். நடந்து முடிந்த ஒன்றைக் கவனித்துச் சொல்வது வேறு.

கொடுப்பது பெரிதாக இருக்கத் தேவையில்லை. பாராட்டு வாசகத்தை ஆசிரியர் கையால் எழுதிய கடிதமே பெரும்பாலான வீடுகளில் அலமாரியில் ஏறும். பிள்ளையின் பொறுப்பைக் கூட்டுவதும் நல்ல பரிசு: செடி பராமரிப்பில் ஆர்வம் காட்டியவளிடம் தோட்டத்தின் ஒரு மூலையை ஒப்படைக்கலாம், கதை சொல்கிறவனைச் சின்ன வகுப்புக்கு அனுப்பலாம். கோப்பை வாங்குவதற்கான பணத்தை எல்லோரும் பயன்படுத்தும் புத்தகத்துக்கோ கருவிக்கோ செலவழித்தால் நல்லது. கடிதத்தில் மதிப்பெண்ணைச் சேர்க்காதீர்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களிடம் ஆர்வமும் திறனும் கூடின. குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணாமல் போனது. எண் இருந்தால் கண் எண்ணைத்தான் பார்க்கும்.

படி 5: எப்போது, எவ்வளவு நேரம்

ஆண்டுக்கு ஒரு பெரிய விழாவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஜூலையில் செய்ததற்கு மார்ச்சில் கை தட்டினால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது யார் கதையோதான். வாரம் ஒருமுறை காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம், வகுப்புக்கு ஒரு பிள்ளை. பருவத்துக்கு ஒருமுறை வீட்டார் வரும் கண்காட்சி. ஆண்டு இறுதியில் ஊரும் சேர்ந்த நாள். இந்த மூன்றும் போதும்.

சின்ன வகுப்புகளைத் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். பெரிய நாளானாலும் மேடை நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும்.

படி 6: வேலையைக் காட்டுங்கள், வந்த வழியோடு

பருவக் கண்காட்சியில் முடிந்த படத்தை மட்டும் ஒட்டாமல் முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி, கடைசி என்று வரிசையாக ஒட்டுங்கள். இதற்காகவே ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு வைத்து, பருவத்துக்கு இரண்டு மூன்று வேலைகளைத் தேதி போட்டு எடுத்து வைக்க வேண்டும். எதை வைப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தது என்று ஒரு வரி எழுதட்டும், எழுத வராவிட்டால் சொல்லட்டும்.

படங்களைப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். நன்றாக வந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லாப் பிள்ளையின் வேலையும் இருக்கட்டும். ஆசிரியர் இரவோடு இரவாகத் திருத்தி அழகுபடுத்திய வேலை தூரத்திலிருந்தே தெரியும், பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பார்க்க வருகிறவர்களுக்கு விளக்குவது பிள்ளையின் வேலை. அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். முந்தைய வாரமே ஜோடி ஜோடியாக நிறுத்தி ஒத்திகை பாருங்கள். வருகிற பெரியவர்கள் கையில் மூன்று கேள்விகள் உள்ள சீட்டு கொடுங்கள்: இதைச் செய்யும்போது எது கடினமாக இருந்தது? அதை எப்படிச் சமாளித்தாய்? திரும்பச் செய்தால் எதை மாற்றுவாய்? பல பெற்றோருக்கு "எவ்வளவு மார்க்?" என்பதைத் தவிர வேறு என்ன கேட்பது என்று யாரும் காட்டித் தந்ததில்லை. அந்தச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

தங்கள் வீட்டிலிருந்து யாரும் வராத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் பட்டியலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பெரியவரை ஏற்பாடு செய்யுங்கள்: வேறு வகுப்பு ஆசிரியர், நூலகர், பக்கத்து வீட்டுப் பாட்டி. அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்கும்படி விட்டுவிடக் கூடாது. மேடை என்றாலே நடுங்குகிற பிள்ளைக்குக் குரல் பதிவு, நண்பனோடு சேர்ந்து நிற்பது, இருந்த இடத்திலேயே கை தூக்குவது என்று வேறு வழி கொடுங்கள்.

படி 7: ஊரைப் பார்வையாளராக விடாதீர்கள்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் வீட்டார் பங்கேற்பை ஆறு வகையாகப் பிரித்தார்: பிள்ளை வளர்ப்புக்குத் துணை, தகவல் பரிமாற்றம், தன்னார்வ உதவி, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, ஊரோடு கூட்டுறவு. பெரும்பாலான பள்ளிகள் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நின்றுவிடுகின்றன. தகவல் அனுப்புவோம், நாற்காலி போட ஆள் கேட்போம். முடிவெடுக்கும் இடத்துக்குக் கூப்பிடுவதில்லை. விழாக் குழுவிலேயே மூன்று நான்கு வீட்டாரைச் சேருங்கள். எப்போதும் முன்வரும் பெற்றோரோடு, இதுவரை பள்ளிக்குள் வராத ஒரு வீட்டாரையாவது நேரில் போய்க் கேட்டுச் சேருங்கள். பெற்றோரின் கைபேசிக் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டுவிட்டு யாரும் வரவில்லை என்பது நியாயமில்லை.

இந்தப் படிக்கு மிகவும் உதவுவது, அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோலும் உடன் ஆய்வாளர்களும் செய்து 1992-இல் எழுதிய வேலை. ஆசிரியர்கள், உழைக்கும் வர்க்க மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனார்கள். புகார் சொல்லவோ அறிவுரை சொல்லவோ போகவில்லை, தெரிந்துகொள்ளப் போனார்கள். விவசாயம், கட்டட வேலை, சுரங்கம், வைத்தியம், வியாபாரம் என்று ஏராளமான அறிவு அந்த வீடுகளில் இருந்தது. ஒரு மாணவன் மிட்டாய் விற்பதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர், மிட்டாயை வைத்தே ஒரு பாடத் திட்டம் அமைத்தார். மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு தாய் வகுப்புக்கு வந்து சொல்லிக் கொடுத்தார்.

இதை உங்கள் பள்ளியில் எப்படிச் செய்வது? வீட்டுக்கு அனுப்பும் படிவத்தில் "பள்ளிக்கு நீங்கள் எப்படி உதவ முடியும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பணம் கேட்கிறார்கள் என்றுதான் தோன்றும். "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? கையால் என்ன செய்யத் தெரியும்? பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை உண்டா? வாரத்தில் எந்த நேரம் கொஞ்சம் ஓய்வு?" என்று கேளுங்கள். தையல்காரருக்கு அளவுகள் தெரியும். கொத்தனாருக்குச் செங்கோணம் தெரியும். செவிலியருக்குக் கை கழுவுவதன் காரணம் தெரியும். கணக்குப் பாடத்தில் நீளமும் பரப்பும் வரும் வாரத்தில் கொத்தனார் வந்து கயிறும் முளையும் வைத்து மைதானத்தில் ஓர் அறைக்குக் கோடு போட்டுக் காட்டினால், அவர் பிள்ளை அன்று எப்படி நிமிர்ந்து உட்காரும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படி வந்தவர் விழா நாளன்று ஓரத்தில் நிற்க மாட்டார்.

பிள்ளைகளும் ஊருக்குள் போகலாம். முதியவர்களைப் பேட்டி எடுத்து ஊரின் பழைய கதைகளைத் தொகுப்பது, பேருந்து நிறுத்தத்தில் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று அளந்து மரம் நட இடம் சொல்வது, பள்ளியைச் சுற்றி எந்த இடத்தில் சாலையைக் கடக்கச் சிரமம் என்று வரைபடம் போட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுப்பது. பேட்டி கொடுத்த தாத்தாவும் அந்த வரைபடத்தை வாங்கிக்கொண்ட அதிகாரியும் ஆண்டு இறுதி நாளுக்கு இயல்பாகவே வருவார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய வேலையும்கூட.

நேரத்தைப் பற்றி ஒன்று. வேலை நாளில் காலை பத்து மணிக்கு விழா வைத்தால், நாள் கூலிக்கும் முறை வேலைக்கும் போகிறவர்களை நீங்களே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. கண்காட்சியைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை திறந்து வையுங்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஓர் அறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், பள்ளியின் மொழி தெரியாதவர்களுக்கு மொழிபெயர்க்க ஒரு பெற்றோர். நுழைவுக் கட்டணம், நன்கொடைப் பெட்டி, சீருடைக் கட்டாயம் எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

உதவ வருகிறவர்கள் விஷயத்தில் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தக் கூடாது. யார் வந்தாலும் பதிவேட்டில் பெயர், அடையாளம். எந்த வெளியாளும் எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் பள்ளி ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் இதுதான் விதி என்று முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

உதவியவர்களுக்கு நன்றி சொல்வதும் படி 3-இல் சொன்ன மாதிரியே. பொன்னாடையைவிட, "நீங்கள் கயிறு கட்டிக் காட்டிய பிறகுதான் எனக்குச் செங்கோணம் புரிந்தது" என்று ஒரு பிள்ளை எழுதிய கடிதம் அவரிடம் நெடுநாள் இருக்கும்.

படி 8: புகைப்படமும் ஒப்புதலும்

ஒப்புதலை மொத்தமாக வாங்காதீர்கள். பள்ளிச் சுவரில் ஒட்ட, வீட்டாருக்கு அனுப்பும் செய்தி மடலில் போட, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். வெளியில் போகும் படத்தில் முழுப் பெயரும் வகுப்பும் முகமும் ஒன்றாக வரக் கூடாது. குடும்பப் பாதுகாப்புக் காரணத்தால் படம் வெளிவரவே கூடாத பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பட்டியல் படம் எடுப்பவர் கையில் இருக்க வேண்டும், காரணம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையிடமும் கேளுங்கள். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. 16-ஆம் பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கிறது. கைபேசியில் எடுக்கும் வீட்டாரிடம், மற்றவர் பிள்ளை இருக்கும் படத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 9: ஆறு வாரத் திட்டம், விழா நாள்

ஆறு வாரம் முன்பு குழு கூடித் தேதியும் நேரமும் முடிவு செய்யும். நான்கு வாரம் முன்பு நோட்டுகளைப் பார்த்து வாசகங்கள் எழுதி, பெயர்ப் பட்டியலில் விடுபட்டவர் உண்டா என்று இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். மூன்று வாரம் முன்பு பிள்ளைகள் கையால் எழுதிய அழைப்பு போகட்டும், ஒரு வாரம் முன்பு நினைவூட்டல். அழைப்பில் எப்போது முடியும் என்பதையும் எழுதுங்கள். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு அதுதான் முக்கியம்.

பெயர்களைப் படிக்கிறவர் முந்தைய நாள் ஒவ்வொரு பெயரையும் அந்தந்தப் பிள்ளையிடமே கேட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பெயரைத் தப்பாகப் படித்தால் வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீண். ஒலிவாங்கி, மழை பெய்தால் மாற்று இடம், குடிநீர், முதலுதவி, கழிப்பறைச் சாவி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒரு பெயர்.

சிறப்பு விருந்தினர் கட்டாயமில்லை. அழைத்தால், ஐந்து நிமிடப் பேச்சு என்று முன்பே சொல்லுங்கள், அவர் வரத் தாமதமானால் காத்திருக்காமல் தொடங்குங்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து வரவேற்புக் கொடுப்பது கூடவே கூடாது. அந்த நாள் பிள்ளைகளுடையது. அன்று வராத பிள்ளையின் கடிதத்தை அடுத்த காலைக் கூட்டத்தில் அதே மரியாதையோடு படியுங்கள்.

படி 10: முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் குழு திரும்பவும் உட்காரட்டும். யாருடைய வீட்டார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் என்று பார்க்க வேண்டும். வராதவர்களைத் தொலைபேசியில் அழைக்கும்போது "ஏன் வரவில்லை?" என்று தொடங்காதீர்கள். "உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் படித்தது இது" என்று வாசகத்தை முதலில் படித்துக் காட்டுங்கள். அப்புறம் எந்த நேரம் வைத்தால் வசதி என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் எது பிடித்தது, எப்போது சலிப்பாக இருந்தது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். ஊரிலிருந்து வந்தவர்களில் அடுத்த பருவத்தில் எந்தப் பாடத்துக்கு யார் வரலாம் என்று அன்றே குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மறந்துபோகும்.

கண்காட்சியில் வைத்த வேலைகள் பிள்ளைகளிடம் திரும்பிப் போக வேண்டும், மூலையில் கட்டிப் போடக் கூடாது. கவனிப்பு நோட்டு மட்டும் பள்ளியிலேயே இருக்கட்டும். புதிய ஆண்டில் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகும்போது பழைய வகுப்பாசிரியரும் புதியவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். எழுத்துக் குறைவாக உள்ள பக்கங்களின் பெயர்களைப் புதியவர் தன் நோட்டின் முதல் வாரத்தில் எழுதிக்கொள்ளட்டும்.